முதலில் நிற்கட்டும்

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைக் கும்பிட ஆரம்பித்துவிட்டால், அதைப் புரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு அத்தோடு தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சங்கீதத்திலிருந்து சினிமா நட்சத்திரம் வரைக்கும் இப்படித்தான். கொஞ்ச காலமாக இந்த வரிசையில் பழைய மோட்டார் சைக்கிளும் வந்து சேர்ந்திருக்கிறது.

கதை படிக்கிறவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டுவிட வேண்டாம். உங்கள் தெருவிலேயே இப்படி ஒருவர் இருப்பார். ஒருவேளை உங்கள் தம்பியாகவோ மாப்பிள்ளையாகவோ கூட இருக்கலாம். மாதத்தில் பாதிச் சம்பளத்தை ஓர் இரும்பு யந்திரத்தின் மேல் கொட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவார். போனவர் வீடு திரும்புகிற வரையில் ஒரு தாயார் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருப்பாள். அந்தத் தாயார் கதை படிக்கிறவள்தானே? அவளுக்காகத்தான் இதைச் சொல்லுகிறேன்.

பழைய வேக வண்டிகளை ரோட்டில் ஓட்டுவதே பைத்தியக்காரத்தனம் என்கிறவர்களின் கட்சி அல்ல நான். ஓடுவதற்காகச் செய்யப்பட்ட ஒன்று ஓடத்தான் வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மோட்டார் சைக்கிளும் பெட்டிக்குள் பூட்டிய வீணையும் எனக்கு ஒன்றுதான். என் சண்டையெல்லாம் ஒரு வார்த்தையோடு. 'ஒரிஜினல்' என்பது அந்த வார்த்தை.

ராஜ்தூத் 350 என்று ஒரு வண்டி. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஜப்பானின் யமஹாவோடு சேர்ந்து இந்தியாவில் கொண்டுவந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். இந்தக் கணக்கெல்லாம் விளங்காதவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். அந்த நாளில் நம் திருவொற்றியூரில் தயாரான 350 சி.சி. புல்லட்டுக்குப் பதினெட்டுக் குதிரை சக்தி. ஏறத்தாழ அதே அளவு என்ஜினோடு வந்த இந்த வண்டிக்கு முப்பதரை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்து பழகிய தேசத்தில் இது வந்து இறங்கியது. வாங்கியவர்கள் கொஞ்சம், வாய் பிளந்து பார்த்தவர்கள் அதிகம். பெட்ரோலை அது குடித்த வேகத்தைக் கண்டு பயந்து, சக்தியை இருபத்தேழாகக் குறைத்து இன்னொரு மாதிரியும் விட்டுப் பார்த்தார்கள். நூறு சி.சி. ஜப்பானிய வண்டிகள் நல்ல மைலேஜோடு வந்து சந்தையை எடுத்துக்கொண்டன. 1990 வாக்கில் ராஜ்தூத் 350-ன் கதை முடிந்துபோயிற்று.

முடிந்த பிறகுதான் வழிபாடு தொடங்கியது. இன்றைக்கு ஒரு புது வண்டி வாங்குகிற பணத்துக்கு மேலேயே கொடுத்து, ஓடாத எலும்புக்கூட்டை வாங்கிவந்து உயிர் கொடுக்கிறார்கள். வாங்கியவர் முதலில் சொல்லுகிற வார்த்தை, "எல்லாம் ஒரிஜினல் சார்."

எது ஐயா ஒரிஜினல்?

இந்த வண்டியின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. 1973-லிருந்து 1975 வரையில் யமஹா தயாரித்த ஆர்.டி.350 அது. அதற்கு முப்பத்தொன்பது குதிரை சக்தி. அவ்வளவு சக்தியைக் கொடுத்தவர்கள், அதைப் பிடித்து நிறுத்துவதற்காக முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கையும் வைத்தார்கள். வண்டி இந்தியாவுக்கு வந்தபோது சக்தி குறைந்தது. டிஸ்க் பிரேக் காணாமலே போயிற்று. அதற்குப் பதிலாக டிரம் பிரேக். செலவைக் குறைக்க என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆக, நம் ரோட்டில் ஓடிய வண்டி மூலநூல் அல்ல, மொழிபெயர்ப்பு. அதுவும் அத்தியாயங்களை வெட்டிய மொழிபெயர்ப்பு. அந்த வெட்டுக்காயத்தைத்தான் நம் பக்தர்கள் 'ஒரிஜினல்' என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

இந்த பக்தி முழு மனதான பக்தியாக இருந்தாலாவது நான் பேசாமல் இருந்துவிடுவேன். இவர்கள் என்ஜின் விஷயத்தில் செய்கிறதைப் பாருங்கள். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பரை மாட்டுகிறார்கள். சிலிண்டரின் உள்வழிகளை அரம் போட்டு அகலப்படுத்துகிறார்கள். கார்புரேட்டரை மாற்றுகிறார்கள். இருபத்தேழை முப்பத்தொன்பதாக்க வேண்டும், முடிந்தால் அதையும் தாண்ட வேண்டும் என்று துடிக்கிறார்கள். அங்கே ஒரிஜினல் எங்கே போயிற்று? அதே ஜப்பானிய மூலத்திலிருந்த டிஸ்க் பிரேக்கையும் போடேன் என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். "அதெல்லாம் போட்டா ஒரிஜினாலிட்டி போயிடும் சார்!"

ஓடுவதற்கு ஜப்பான் வேண்டும். நிற்பதற்கு மட்டும் சிக்கனம் போதும் என்கிற இந்த நியாயத்துக்குப் பெயர் பக்தி அல்ல. சௌகரியம்.

இதில் பணயமாக வைக்கப்படுவது என்ன என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். வேகம் இரண்டு மடங்கானால் வண்டி சுமக்கும் சக்தி நாலு மடங்காகும். ஐம்பது கிலோமீட்டரில் போகிறவனை நிறுத்துவதைப்போல நாலு பங்கு வேலை, நூறு கிலோமீட்டரில் போகிறவனை நிறுத்துவதற்கு. நூறில் போகிறவன் ஒரு விநாடியில் இருபத்தெட்டு மீட்டர் கடந்துவிடுகிறான். எதிரே ஓர் எருமை குறுக்கிடுகிறது. அதைக் கண் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே ஏழெட்டு வீட்டு வாசல் கடந்துபோய்விட்டது.

பிறகு பிரேக் செய்ய வேண்டிய வேலை என்ன? ஓடுகிற சக்தி முழுவதையும் சூடாக்கித் தீர்க்க வேண்டும். வண்டியும் ஆளுமாக இருநூற்று இருபது கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிற்பதற்குப் பிறக்கும் சூடு, ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். வீட்டு அடுப்பில் அதற்குச் சில நிமிஷங்கள் ஆகும். இங்கே நாலைந்து விநாடிகளுக்குள் நடந்தாக வேண்டும். உங்கள் சமையலறை அனுபவத்தை வைத்தே பிரேக்கின் கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள்.

டிரம் பிரேக்கை நான் தூற்றவில்லை. ராஜ்தூத்தின் முன் சக்கரத்தில் இருக்கிற டிரம், அந்த ஜாதியில் உயர்ந்ததுதான். இரண்டு ஷூக்களையும் இரண்டு தனித்தனிக் கேம்கள் விரித்துக்கொடுக்கும். ஆனால் அந்த இரண்டையும் இணைக்கிற சிறு கம்பியைச் சரியாக அளந்து வைத்தால்தான் இரண்டு ஷூவும் ஒரே சமயத்தில் டிரம்மைத் தொடும். ஒரு மரை தப்பினால் ஒரு ஷூ உழைக்கும், மற்றது வேடிக்கை பார்க்கும். டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும். முதல் தடவை பிடித்த பிரேக், மலை இறக்கத்தில் ஐந்தாவது தடவை பிடிக்காமல் போவது இதனால்தான். டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் பேட் வைத்து அமுக்குகிறது. சூடேறினாலும் அது பிடியிலிருந்து விலகி ஓடுவதில்லை. ஜப்பான்காரன் அழகுக்காக அதை மாட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. புல்லட் போன்ற நாலு ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் என்ஜினே வண்டியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக் என்ஜின் அந்த உபகாரத்தை அதிகம் செய்யாது. சாதுவாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, சுற்று ஏறியதும் திடீரென்று பாயும் குணம் மட்டும் அதற்கு உண்டு. பாய்ச்சலில் முன்னே, பிடிமானத்தில் பின்னே. அப்படிப்பட்ட என்ஜினுக்கு நாம் கொடுத்தது குறைந்த பிரேக்.

ஆர்.டி. என்ற எழுத்துக்களுக்குப் பந்தயத்தில் பிறந்தது என்று அர்த்தம் சொல்லுவார்கள். நம் நாட்டில் அதற்கு இன்னோர் அர்த்தம் கிடைத்தது: 'ரேபிட் டெத்'. விரைந்து வரும் சாவு! இதை யாரும் துக்கத்தோடு சொல்லுவதில்லை என்பதுதான் வேடிக்கை. மீசை முளைக்காத பையன் முதற்கொண்டு இந்தப் பெயரைப் பட்டம்போலச் சொல்லிப் பெருமைப்படுகிறான். வண்டி யாரையும் கொல்லவில்லை. நிறுத்த முடியாத வேகம் கொன்றது. பிரேக் லைனிங்கை மாற்றும் பணத்தில் சைலன்சருக்குக் குரோம் பூசியவன் கொன்றான். அதைச் சாவு என்று சொல்லாமல் வீரம் என்று சொன்னவன் கொன்றான்.

வேலை தெரிந்தவர்கள் இப்படி இல்லை. இந்த வண்டியின் என்ஜினை முழுசாக அறிந்த மெக்கானிக்குகள் இப்போது விரல் விட்டு எண்ணும்படியாகிவிட்டார்கள். அவர்கள் செய்வது சாமானிய வேலை அல்ல. அந்தக் கிராங்க் ஒரே துண்டாக வார்த்தது அல்ல. பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. பிரித்து, கனெக்டிங் ராடை மாற்றி, மறுபடி அழுத்தி, கோணல் இல்லாமல் சுற்றுகிறதா என்று முள் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். கிராங்கின் ஓரத்து ரப்பர் சீல் காய்ந்து வெடித்தால் அதன் வழியே காற்று புகும். பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். புகையின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பக்கத்து வியாதி என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து எடுத்து என்ஜினுக்கு ஊட்டுகிற சிறு பம்ப், ஆக்ஸிலேட்டரைத் திருகும் அளவுக்குச் சரியாக ஆயில் கொடுக்க வேண்டும். அதன் கேபிள் தளர்ந்தால், வேகத்தில் போகும்போது பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த விநாடியில் கிளட்சைப் பிடிக்கிறவன் வீடு திரும்புவான்.

இத்தனையும் தெரிந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியலுக்குள் கையை விட்டு, தேவையான பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தே எடுக்கக் கூடியவர். ஒரு நாள் ஒரு பையன் வந்தான். என்ஜினைப் பந்தயத்துக்குப்போல ஆக்கித்தர வேண்டும், பணத்தைப் பற்றிக் கவலை இல்லை என்றான். பெரியவர் எழுந்து வந்து முன் பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளினார். சக்கரம் உருண்டது.

"தம்பி, மொதல்ல இது நிக்கட்டும். அப்புறம் ஓடட்டும்" என்றார்.

"பிரேக்கை அப்புறம் பாத்துக்கலாம் அண்ணே. என்ஜினை மட்டும் முடிச்சுக் குடுங்க."

"அப்போ வேற கடை பாத்துக்கோப்பா."

பையன் வேறு கடைக்குத்தான் போனான். அங்கே கேட்டபடி செய்துகொடுத்திருப்பார்கள். கேட்டபடி செய்து கொடுக்கிறவர்களுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை.

அந்தப் பையன் என்ன பதில் சொல்லுவான் என்பது எனக்குத் தெரியும். சோழவரத்தில் ஓடவில்லையா என்று கேட்பான். யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. சென்னைக்கு வடக்கே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை வருகிறவரைக்கும் மதராஸின் பந்தயங்கள் நடந்த இடம். பந்தயத்துக்கு எதிராக எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் சோழவரம் பந்தயத்தில் எதிரே லாரி வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் ஓடிவரவில்லை. ராத்திரி விளக்கில்லாமல் மாட்டுவண்டி போகவில்லை. பந்தயத்துக்காக அரம் போட்ட என்ஜின் உச்சிச் சுற்றில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். அண்ணா சாலையின் சிக்னலில் நின்றால் இருமும். பிளக் கறுத்துச் செத்துப்போகும். அதை உயிரோடு வைத்திருப்பதற்காகவே ஓட்டுகிறவன் அவசியமில்லாமல் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரோட்டுக்கு ஏற்ற வண்டி வேறு. பந்தய வண்டி வேறு. பந்தய வண்டியை ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு இரண்டும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

வேக வண்டிப் பைத்தியத்துக்குப் பேர்போன இங்கிலாந்தைப் பார்த்தாவது இவர்கள் கற்றுக்கொள்ளலாம். 1950-களிலும் 1960-களிலும் அந்த ஊர்ப் பையன்கள், லண்டனில் 'ஏஸ் கஃபே' போன்ற சாலையோரக் காப்பிக் கடைகளில் கூடி, நூறு மைல் வேகத்தைத் தொடுவதையே ஜன்ம சாபல்யமாக நினைத்தார்கள். அவர்களும் விபத்துக்களில் மாண்டார்கள். அவர்களைப் பார்த்துக் கைதட்டச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய தலைசிறந்த படைப்பு என்ன தெரியுமா? 'ட்ரைட்டன்'. ட்ரையம்ஃப் கம்பெனியின் என்ஜின் நல்ல என்ஜின். அதன் சட்டம் அவ்வளவு நன்றாக ரோட்டைப் பிடிக்கவில்லை. நார்ட்டன் கம்பெனி 1950-ல் பந்தயத்துக்கு இறக்கிய 'ஃபெதர்பெட்' சட்டமோ, வளைவில் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். இந்த என்ஜினை எடுத்து அந்தச் சட்டத்தில் வைத்தார்கள். இரண்டு கம்பெனிகளின் 'ஒரிஜினாலிட்டி'யும் அந்தக் கணமே ஒழிந்தது. உலகம் இன்றுவரை அந்தக் கலப்பு ஜாதி வண்டியைக் கொண்டாடுகிறது. என்ஜினின் வேகத்துக்குச் சட்டத்தின் பிடிமானம் ஈடாக இருக்க வேண்டும் என்று இருபது வயதுப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பக்தர்களுக்குத் தெரியவில்லை.

இனி, சட்டத்தைக் காட்டுகிறவர்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி முதலில் குறித்துக்கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆகவே டிஸ்க் பிரேக் போடுவது சட்ட விரோதம் என்று இவர்கள் சொல்லுகிறார்கள். எக்ஸ்பான்ஷன் சேம்பர் ஊரை எழுப்பியபோது இவர்களுக்கு இந்தப் பிரிவு ஞாபகம் வரவில்லை. போகட்டும். சட்டத்தை நான் மதிக்கிறேன். மதிப்பதனால்தான் அதைத் திருத்தச் சொல்லுகிறேன். ஒருவன் தன் வண்டியைப் பலவீனப்படுத்துவதும் பலப்படுத்துவதும் ஒன்றாகுமா? புது வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு வேண்டும் என்று 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கிய அதே சர்க்கார், பழைய வண்டிக்காரன் நல்ல பிரேக் போட முன்வந்தால், அதைச் சோதித்துப் பார்த்து, பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொடுக்க ஏன் ஒரு தெளிவான வழி வைக்கக் கூடாது? பதினைந்து வருஷம் கழிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கிறார்கள் அல்லவா? அந்தச் சமயத்தில் பிரேக்கைக் கருவி வைத்து அளந்து பார்க்கட்டும். நிற்காத வண்டியை அனுப்ப வேண்டாம். நின்றால், எந்தக் கம்பெனியின் பிரேக்கால் நின்றது என்று சண்டை போட வேண்டாம்.

சட்டம் மாறுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை. டிரம்மைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வட்டம் பார்க்கச் சொல்லுவதை எந்தச் சட்டம் தடுக்கிறது? பளபளத்துக் கெட்டியாகிப்போன லைனிங்கை எடுத்துவிட்டுப் புது லைனிங் ஒட்டுவதை? நைந்த கேபிளை மாற்றுவதை? ஹாண்டில் கோன் செட்டின் பள்ளம் விழுந்த குண்டுகளைத் தூக்கி எறிவதை? டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் பொறித்திருக்கும். 2314 என்றால் 2014-ம் வருஷத்து இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காகக் கல்லாகிப்போன பத்து வருஷத்து ரப்பரின் மேல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெட்ரோல் டாங்க்கின் பெயிண்ட் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும்!

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பழைய வண்டியே வேண்டாம், உடைத்துப் போடு என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒத்துவராது. அவற்றின் புகை நல்லதல்ல என்பது உண்மைதான். சரியாக ஆயில் அளந்து, சீல் மாற்றி வைத்திருக்கிற வண்டியின் புகை குறைவு என்பதும் உண்மை. எண்ணிக்கையில் சொற்பமான இந்த யந்திரங்களோடு ஒரு கைவேலை உயிரோடு இருக்கிறது. கிராங்கை நேராக்கத் தெரிந்தவன், புகையைப் பார்த்து நோய் சொல்லுகிறவன், கம்பியின் நாதத்தைத் தட்டிக் கேட்டுச் சக்கரத்தை நேர் செய்கிறவன் ஆகிய இவர்களெல்லாம் அந்த வண்டிகளோடு சேர்ந்தே அழிந்துபோவார்கள். கெட்டுப்போனால் முழு பாகத்தையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுகிற காலம் இது. பழுது பார்ப்பது என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த கடைசித் தலைமுறையை நாமே துரத்த வேண்டாம்.

ஆனால் அவர்களிடம் போகிறவன் வரிசையைத் தெரிந்துகொண்டு போகட்டும். முதலில் பிரேக். பிறகு டயர். பிறகு ஹாண்டிலும் ஷாக் அப்ஸார்பரும். பிறகு ராத்திரியில் வழி தெரிகிற விளக்கு. இவ்வளவும் முடிந்து கையில் காசு மீந்தால் என்ஜின். அதற்கும் பிறகு, ஆசை இருந்தால், பெயிண்டும் குரோமும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவன் தன்னை வண்டியின் ரசிகன் என்று சொல்லிக்கொள்ளட்டும். அவனுக்கு வண்டி தெரியும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் பின்னால் உட்கார்ந்து போகும்படி எந்த வீட்டுப் பெண்ணுக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.